அத்தை வீட்டு ஜெபம்

ஹைதராபாத்

அன்புள்ள அப்பாவுக்கு, கரோலின் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

சனி, ஞாயிறு விடுமுறைக்கு விசாகப்பட்டினம் போனேன். அலை தூத்துக்குடியைவிடப் பெரியது, மற்றபடி கடல்தான். தங்கியது ஜெமிமா அத்தை வீட்டில். ஆமாம், பாகம் பிரித்ததிலிருந்து நீங்கள் பேசாத உங்கள் அக்காதான். கதவைத் திறந்ததும், "ஏட்டி, சாலமோன் மவளா? அதே மூக்குல்லா!" என்றார்கள். அப்புறம், "ஆத்துல தண்ணி கெடக்கா?" என்று கேட்டார்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். நம் வீட்டில் செய்வது போலவே ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபித்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அடுத்து, "என் தம்பி சாலமோன் படியேற முடியாமல் கஷ்டப்படுகிறான், அவன் முழங்காலைத் தொட்டருளும் ஆண்டவரே" என்றார்கள். நம் வீட்டு ஜெபத்தில் அத்தை பெயர் வருவதில்லை.

அடுத்த பார்சலில் அம்மாவின் பழைய போர்வை ஒன்று வையுங்கள். புதிது வேண்டாம்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. உங்களுக்கு வலி வந்ததே போன மாதம்தான். அத்தைக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் அம்மாவிடம் கேட்காதீர்கள்.

கரோலின்