உங்கள் கல்லில் நான்கு பெயர்கள்

அன்புள்ள எழுத்துக்காரரே,

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் உங்களை அப்படித்தான் அழைத்தார்கள். பெற்றவர் என்பதற்காக வேறு சொல் எனக்கு வரவில்லை.

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல், நேற்று உங்கள் கடைசி மகன் விட்டுப்போன தாளை மேசையில் விரித்தேன். உங்கள் கல்லறைக் கல்லுக்காக நீங்களே எழுதிவைத்துவிட்டுப் போனது. இந்த மலையில் செத்த சீனர்களுக்கெல்லாம் கல்லில் வெட்ட எழுதிக் கொடுத்தவர், தன்னுடையதை வேறு கைக்கு விடுவீர்களா? எனக்குச் சீனம் வாசிக்கத் தெரியாது. ஆனால் பிள்ளைகளின் பெயர் வரும் ஓரத்தில் எத்தனை வரிசை என்று எண்ணத் தெரியும். நான்கு. நான்கும் மகன்கள்.

நான் பிறந்த நேரம் அண்ணன்களுக்கு ஆகாது என்று பத்தாம் நாளே என்னைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்டவர் கொழுந்து நிறுக்கும் வேலாயுதம். இந்தச் சீன முகத்தில் பொட்டு வைத்து, தோளில் தூக்கி, "எம் மவ" என்று எல்லோருக்கும் காட்டியவர்.

உங்கள் புது வருடத்துக்கு முன், தானா ராத்தா கடைத்தெருவோரம் நீங்கள் சிவப்புத் தாளில் வாழ்த்து எழுதும்போது, அவர் என்னை உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்துவார். ஒரு தாள் தருவீர்கள். தூரிகையை விட்டுக் கண் நிமிர்ந்ததில்லை. அதை அவர் சாமி அறைக் கதவில் தலைகீழாக ஒட்டினார். காய்கறி லாரி ஓட்டும் சீனர் பார்த்துச் சிரித்தபோது அப்பா சொன்னார்: "இருக்கட்டும்லா. குடுத்தவரு மனசு நேரா இருந்தா போதும்."

நேராக இருந்ததா?

நேற்று வந்த உங்கள் கடைசி மகன், திரிங்காப்பில் கோஸ் பயிரிடுபவன், தன் தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழில் பேசினான்.

"அக்கா, கல்லு இன்னும் வெட்டல. உன் பேரயும் போட்டுடலாம். சீனப் பேரு என்னா?"

"அப்படி ஒண்ணு இல்லையே தம்பி."

"அப்பா வெக்கலயா? ஊர்ல பாதிப் புள்ளைக்கு அவருதான பேரு வெச்சாரு."

தேநீரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"அவரு கவித நோட்டெல்லாம் பாத்தேன். மழைக்கு இருக்கு. செத்துப்போன பூனக்குட்டிக்கு ரெண்டு இருக்கு..." நிறுத்திக்கொண்டான். "பரவால்லலா, நல்ல பேரா நானே வெச்சிடறேன்."

அந்தக் கவிதைகளை யாருமே அச்சில் போடவில்லை என்று அவனுக்கு வருத்தம். எனக்கு வரவில்லை. பூனைக்குட்டிக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா?

பள்ளியில் என் கரும்பலகை எழுத்தைப் பார்த்து, "டீச்சர் கை யாரோட கை?" என்று கேட்பார்கள். பயிற்சிக் கல்லூரியில் பழகியது என்பேன். அது பொய் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

வேலாயுதம் அப்பாவுக்குக் கல் இல்லை. எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தோம். அவர் பெயர் எங்கும் வெட்டப்படவில்லை.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளை தம்பி தாளைக் கேட்டு வரும்போது, ஐந்தாவது வரிசையை என் கையாலேயே தமிழில் எழுதித் தருவேன். உங்கள் எழுத்தின் முன் நான் வாசிக்கத் தெரியாமல் நின்றதுபோல, உங்கள் பேரப்பிள்ளைகள் இதன் முன் நிற்கட்டும். ஆண்டுதோறும் உங்கள் ஆட்கள் கல்லறை எழுத்துக்கு மை புதுப்பிக்கும் நாளில் வருவேன், அந்த ஒரு வரிசைக்கு மட்டும் மை தீட்டிவிட்டுத் திரும்புவேன். இது வாக்கு.

கல்லில் வரப்போவது, இங்கே கையெழுத்தாக இருப்பதுதான்.

வேலாயுதம் மகள்
பத்மா