யீத்திங் பேசியதில் பாதி

செவன் கிங்ஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மிதுஷாவுக்கு,

ஆர்ச்வே முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், அங்கே அமெரிக்காவில், பொஸ்ரனில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைவு, வெள்ளிக்கிழமை கோயில் ஏற்றத்தை இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறிவிட்டா. கவுன்சில்காரர் குப்பை எடுக்கும் நாளை மாற்றிவிட்டார்கள், அதற்கு நான் ஒரு கிழமையாகச் சண்டை. இதெல்லாம் போனிலும் சொல்லலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்றுக்காகத்தான் பேனையை எடுத்தேன். யீத்திங் பேசிய அந்த வீடியோவைப் பாதியாக வெட்டியது யார் என்று நீ கேட்டபோது அத்தை மகன் லக்‌ஷன் என்று சொன்னேனே, அது பொய் பிள்ளை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. வெட்டியவன் நான்தான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஊர்ச் சங்கக் கூட்டம் இந்த முறை எங்கள் வீட்டில். மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் சீனப் பிள்ளை யீத்திங்கை உனக்குத் தெரியும்தானே, ஆராய்ச்சிப் படிப்புக்கு உன் பொஸ்ரனுக்கு வர இருப்பவள், நீகூட அறை பார்த்துத் தருவதாகச் சொன்னாய். அம்மாவோடு வடை தட்டிக்கொண்டு நின்றவளைத் தலைவர் இராசரத்தினம் அண்ணை கூப்பிட்டு, அமெரிக்கா உங்கட நாட்டோட சண்டைக்குக் கொழுவிக்கொண்டு நிக்குது, உங்கட வயசுப் பிள்ளையள் என்ன கதைக்கினம் என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார். படம் பிடிக்கட்டோ என்று அவளிடம் கேட்டுத்தான் பிடித்தேன், எங்கே போடப்போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவள் பேசினாள் பார், எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் அப்படிப் பேச வராது. அமெரிக்கா எங்கள் சீனாவுக்கு வரி போடும், எங்கள் கடலுக்குப் பக்கத்தில் கப்பலைக் கொண்டுவந்து விடும், பிறகு உலகத்துக்கே நியாயம் படிப்பிக்கும், அதைக் கேட்டு என் சிநேகிதர்கள் சிரிப்பார்கள் என்றாள். அதோடு நிற்கவில்லை. சின்ன வயதில் அமெரிக்காதான் எனக்குக் கனவு, விரும்பிய இடம் என்பதால்தான் கோபமும் கூட, போனில் அமெரிக்காவைத் திட்டுகிற பெடியன்கள்தான் விசா வரிசையிலும் நிற்கிறார்கள், எங்கள் அரசாங்கம் சொல்வதையும் நான் அப்படியே நம்புவதில்லை, சண்டை வந்தால் இரண்டு பக்கத்திலும் சாகப்போவது எங்கள் வயதுக்காரர்தானே என்றாள்.

நான் முதல் பாதியை மட்டும் எடுத்து, அமெரிக்காவுக்குச் சீனப் பிள்ளையின் செருப்படி என்று தலைப்பும் போட்டு ஊர் வாட்ஸ்அப் குழுவில் விட்டேன். ஊரில் யுத்தம் நடந்தபோது எங்களுக்காக அமெரிக்கா வாய் திறக்கும் திறக்கும் என்று எத்தனை வருடம் காத்திருந்து ஏமாந்த கூட்டம் நாங்கள், அவர்களை யாராவது ஏசினால் எங்களுக்குத் தேன் குடித்த மாதிரி. ரொறன்ரோவில் இருந்தும் பாரிசில் இருந்தும் பாராட்டு வர வர எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் நாளே யாரோ பேஸ்புக்கில் ஏற்றிவிட்டார்கள், அவள் படிக்கிற இடத்தில் ஒருவர் அவளுக்கே காட்டியிருக்கிறார். வருகிற வியாழன் அவளுக்கு அமெரிக்க விசா நேர்முகம், பேஸ்புக் எல்லாம் பார்ப்பார்கள் என்று நடுங்குகிறாள். நான் பதறிப்போய், யோசிக்காதே பிள்ளை, முழு வீடியோவையும் போட்டுவிடுகிறேன் என்றேன். ஐயோ வேண்டாம் அங்கிள் என்றாள். முழுவதையும் போட்டால் தன் அரசாங்கத்தைப் பற்றிச் சொன்னதும் வெளியே வருமாம், அங்கே அவளுடைய அப்பா அரசாங்கப் பள்ளிக்கூட வாத்தியாராம். பாதி இருந்தாலும் ஆபத்து, முழுவதும் வந்தாலும் ஆபத்து. இதற்கு நான் என்ன செய்ய?

என் அகதி விசாரணையில் மொழிபெயர்க்க வந்தவர் நான் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டதால் நாலு வருடம் அலைந்தவனல்லவா நான். அந்த மனிசனை இன்றைக்கும் பெயர் சொல்லித் திட்டுகிறேன். அதே வேலையை ஒரு பிள்ளைக்குச் செய்துவிட்டு, பழியையும் இன்னொரு பிள்ளையின் தலையில் போட்டேன். வெட்கமாக இருக்கிறது மகள், இந்த வயதில் இப்படியொரு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை. வெட்டியது நான்தான், தயவுசெய்து எல்லாரும் அழியுங்கள் என்று குழுவில் எழுதிவிட்டேன். இராசரத்தினம் அண்ணை போன் எடுத்து, உதுக்கு ஏன் யோகலிங்கம் இவ்வளவு பதறுறாய், பெட்டைப்பிள்ளை நல்லாத்தானே கதைச்சது என்று சிரித்தார். யார் அழித்தார்கள், யார் அழிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. லக்‌ஷனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீ அவனை ஏசி எழுதி அனுப்பியதைக் காட்டினான், நீயும் அவனோடு ஒரு வார்த்தை பேசு.

நேற்றுச் சாப்பிடும்போது டிவியில் அமெரிக்கா, சீனா என்று செய்தி போனது. அம்மா பழக்கதோஷத்தில் யீத்திங்கிடம், நீ என்ன பிள்ளை நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டா. யீத்திங் மேசையில் கிடந்த என் போனைப் பார்த்தாள். நான் அதை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது அன்ரி என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து சாப்பிட்டாள்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, மருமகனைக் காரைப் பார்த்து ஓட்டச் சொல். மனதில் இருப்பதைச் சொல்லப் பயமில்லாத இடத்தில் நீங்கள் இருவரும் நூறு வயது வாழ வேண்டும். அவளுக்கு அறை பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதே, விசா வந்தாலும் வராவிட்டாலும் பார்த்து வை.

உன்னிடம் பொய் சொன்ன அப்பா,
யோகலிங்கம்