ஏலக்கரைக்கு ஒரு குடம் தண்ணீர்

அத்தை,

இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில், பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்புறமிருந்து புதுப் பெயின்ட் வாசம் வந்தது. எட்டிப் பார்த்தேன். இன்னொரு குப்பை வண்டி வந்திருக்கிறது. பச்சை நிறம், பேட்டரியில் ஓடுவது. பழையதன் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். உங்களிடம் ஓடிவந்து சொல்லத் தோன்றியது. நீங்கள் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

முதல் வண்டி வந்தபோது நீங்கள்தான் பஞ்சாயத்துத் தலைவர். மீன் ஏலம் நடக்கும் கரைக்கு அதைக் கொண்டுபோனோம். கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் மணலில் புதைந்தது. மீன் விற்கும் சவேரியம்மா மாமி கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏளா தலைவரே, கக்கூஸ் கேட்டா தேரு வாங்கிட்டு வந்திருக்கியே!"

நீங்களும் சிரித்தீர்கள். வண்டியைத் தள்ளும்போது அந்தச் சிரிப்பு உங்கள் முகத்தில் இல்லை.

கரைப் பெண்கள் கேட்டது கழிப்பறை ஒன்றுதான். விடியற்காலையில் ஏலத்துக்கு வரும் பெண்கள் உச்சிவரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள், ஒதுங்க இடமில்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பினீர்கள். மேலிருந்து வரும் பணமோ இன்னதற்கு மட்டும் என்று முடிவாகியே வந்தது. அந்த வருடம் குப்பைக்கு. பஞ்சாயத்தின் சொந்த வருமானமான வீட்டு வரி, தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கரண்ட் பில் கட்டவே போதவில்லை. மக்களுக்கு மிக அருகில் இருக்கும் அரசு உள்ளாட்சிதான் என்று என் பாடத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

"பக்கத்துலதான் இருக்கோம். கையிலதான் ஒண்ணுமில்ல" என்றீர்கள்.

பிறகு ஊர்க் கமிட்டியிடம் போனீர்கள். ஏலம் போகும் மீனில் ஊருக்கென்று எடுக்கும் பங்கு மாதா கோவிலுக்குத்தான் என்பது நம் ஊர் வழக்கம். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அது மாதாவுக்கு உள்ள பங்குளா. கவர்மெண்டு வேலைக்கு எப்படிக் குடுக்க?" என்றார் கமிட்டித் தலைவர்.

"மாதாவும் பொம்பளதானே அண்ணாச்சி. அவகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். ஒரு வாரப் பங்கு கிடைத்தது. கழிப்பறைக்குச் சுவர் எழுந்தது. கூரைக்கும் குழாய்க்கும் அடுத்த வருட நிதியில் பார்க்கலாம் என்று நம்பினீர்கள். அதற்குள் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் வந்தார். நல்ல மனிதர்தான். கேட்டால், "அந்தத் தலைப்புல ஃபண்டு இல்லம்மா" என்பார். பதவி போன பிறகும் நீங்கள் மனுவோடு பஸ் ஏறினீர்கள். ஒருநாள் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "நம்ம ஊருக்கு உள்ளதக் கேக்க, பிச்சைக்கு நிக்க மாதிரி இருக்குளா" என்றீர்கள். அந்த மழைக்காலத்தில்தான் நெஞ்சுவலி வந்தது.

கூரை இன்னும் வரவில்லை. சவேரியம்மா மாமி பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறார். குழாய் இல்லாததால், வீட்டுக்கு ஒருநாள் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதென்று பெண்கள் முறை போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு முறையை நான் எடுத்துக்கொண்டேன். முதுகில் புத்தகப்பை, இடுப்பில் குடம். மணலில் கால் புதைகிறது. இடுப்பு வலிக்கிறது, அத்தை.

நேற்று நம் முறை. நான் குடத்தை இறக்கியதும் சவேரியம்மா மாமி அதிலிருந்து ஒரு செம்பு மொண்டு, நின்றபடியே குடித்து முடித்தார். ஏலம் முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது.