ஒன்பதாம் மாதம் வராத வீடு

ஆசை அம்மாவுக்கு, என் அழுத்தக்காரிக்கு,

உனக்குப் பேத்தி பிறந்து பதினோரு நாளாகிறது. ஏழரை மாதம்தான்மா. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள்.

அன்று நன்றாகத்தான் இருந்தேன். காலை ஷிப்டுக்குக் குன்றத்தூரில் கம்பெனி பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. டிரைவர் அண்ணன் கம்பெனிக்குத் திரும்பாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

தகவல் தெரிந்து, நீ இல்லாத குறைக்கு உன் தங்கை, சித்திதான் ஓடி வந்தாள். டாக்டரம்மா என் அட்டையைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டார். "உங்கம்மாவுக்குக் குறைப்பிரசவம் ஏதாவது ஆயிருக்கா?" முதல் செக்கப்பில் சொன்னதையே சொன்னேன். "இல்ல மேடம், நான் ஒரே பிள்ளை."

சித்தி ஓவென்று அழுதுவிட்டாள். "இல்ல மேடம்! எங்கக்காவுக்கு இவளுக்கு மின்னாடி ரெண்டு பொண்ணு. ரெண்டுமே ஏழாம் மாசத்துல பொறந்து ஒரு நாள்கூட தங்கல. இவளே எட்டு மாசத்துல பொறந்தவதான். எனக்கும் ஒண்ணு அப்பிடித்தான் போச்சி."

வலியைவிட அந்தப் பேச்சுதான் என்னை அடித்துப் போட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

ஐந்தாம் மாதமே வளைகாப்பு போடவேண்டும் என்று சித்தி ஒற்றைக்காலில் நின்றாள். "நம்ம வூட்ல அப்பிடித்தாம்மா." ஊரெல்லாம் ஏழிலும் ஒன்பதிலும் போடும்போது நமக்கு மட்டும் என்ன அவசரம் என்று சிரித்தேன். கம்பெனி லைனில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் வரட்டும் என்று ஒன்பதாம் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். நம் வீட்டில் யாருக்கும் ஒன்பதாம் மாதம் வந்ததே இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? வழக்கத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, காரணத்தை விழுங்கிவிட்டீர்கள்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வர வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்திம்மா. வந்தே தீரும்னு இல்ல. தெரிஞ்சிருந்தா இன்னும் அடிக்கடி வரச் சொல்லிப் பாத்திருப்பேன். இப்ப உனக்கே ஒண்ணு ஆயிடுச்சு. அடுத்த தடவை ஆரம்பத்துலயே சொல்லிடு."

உன்மேல் பயங்கரக் கோபத்தில் இருக்கிறேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சித்தியிடம் சத்தியம் வாங்கினாயாமே. ராசியில்லாத வயிறு என்று என்னைப் பெண் கேட்டு வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று பயந்தாயா? அந்த இரண்டு பேரையும் நினைத்து எங்கே போய் அழுதாய்? அப்பாவிடமாவது அழுதாயா?

பாப்பா இன்று சங்கில் கொஞ்சம் பால் குடித்தாள். பிழைத்துக்கொள்வாள் என்று நர்சக்கா சொல்கிறாள். டாக்டரம்மா இன்னும் அப்படிச் சொல்லவில்லை.

அவள் வளரட்டும். அவளிடம் எதையும் மறைக்கமாட்டேன். உனக்கு இரண்டு பெரியம்மா இருந்தார்கள் என்று சொல்வேன். அவர்களுக்குப் பேர் வைத்தாயா அம்மா? வைக்கவில்லை என்றால் நான் வைக்கிறேன். இது சத்தியம்.

உன் மூன்றாவது மகள்.