கட்டி இல்லாத ஆப்பரேஷன்

3.5.2010, திங்கள். முதுநகர்.

காலையிலயே வெயில் முதுகைப் பொசுக்குது. ஸ்கூல் லீவு விட்டாச்சு, பரீட்சைப் பேப்பரும் திருத்தியாச்சு. நாளை மறுநாள் சிதம்பரத்துல ஆப்பரேஷன். பை கட்டணும். முன்னாடி ஜிப் வச்ச நைட்டி ரெண்டு. பழைய துண்டு. ஃபிளாஸ்க். ஸ்கேன் ரிப்போர்ட். சின்னத் தலகாணி (திரும்பி வரும்போது காருல நெஞ்சோட அணைச்சுக்கணுமாம்).

மாரைத் தூக்கி வச்சுத் தைக்கிற ஆப்பரேஷன். எழுதும்போதே கை கூசுது. ரெண்டு புள்ள பெத்து, பால் குடுத்து, உடம்பு ஏறி, அப்புறம் எளைச்சு, எல்லாம் தொங்கிப் போச்சு. அடியில வேர்வை தங்கித் தங்கிப் புண்ணு. முதுகு வலி. தோள்ல பாடிப் பட்டை பதிஞ்ச பள்ளம். சரி, வலி பாதி. மீதிப் பாதி ஆசை. நாப்பத்தஞ்சு வயசுல கண்ணாடி முன்னாடி ஒரு தடவயாவது நிமிர்ந்து நிக்கணும்னு ஆசை. இருந்துட்டுப் போவட்டும்.

கட்டுனவரு, மாமா, ஒத்துக்கிட்டதே பெருசு. ஊருக்கு என்ன சொல்றதுன்னு அவரே வழியும் கண்டுபிடிச்சாரு. "மார்ல சின்னக் கட்டி, எடுக்கப் போறாங்கன்னு சொல்லிடுவோம். இதுக்குன்னா சிரிப்பாங்க. நோவுன்னா எவனும் சிரிக்க மாட்டான்." நாத்தனார் செல்விக்குப் போன்ல அப்படியே சொல்லியாச்சு. மக சுகன்யாவுக்கு மட்டும் உண்மை தெரியும், வெளியூர்ல வேலை பாக்குற பையனுக்குக் கூடச் சொல்லல.

அவளுக்குப் பண்ருட்டி வரன். முந்திரி வியாபாரம், நல்ல மனுஷங்க. பாத்துட்டுப் போனாங்க, ரெண்டு பேருக்கும் புடிச்சிப் போச்சு. நான் எழுந்து நடமாடுனதும் தட்டு மாத்திக்கலாம்னு பேச்சு.

5.5, புதன். சிதம்பரம்.

பச்சத்தண்ணி கூடக் கூடாது. நாக்கு ஒட்டிக்கிச்சு.

டாக்டரம்மா நிக்க வச்சு நீலப் பேனாவால கோடு போட்டாங்க, துணியில டெய்லர் போடுற மாதிரி. காம்பைச் சுத்தி ஒரு வெட்டு, அங்கேருந்து கீழே ஒண்ணு, அடி மடிப்புல ஒண்ணு. தழும்பு மங்கும், அழியாது. தொட்டா தெரியிறது கொறையலாம். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது. "பதினெட்டு வயசு மாரு கேக்காதீங்க. உங்க வயசுக்கு உங்களுதுதான், கொஞ்சம் மேல."

பக்கத்துக் கட்டில் அம்மா: "உனக்கு என்னம்மா?" மாமா முந்திக்கிட்டு "கட்டிங்க"ன்னாரு. இங்கயுமா!

பயமா இருக்கு. கூப்புடுறாங்க.

7.5, வெள்ளி.

நேத்து எழுத முடியல. மயக்கம், வாந்தி. ஒவ்வொரு தடவ வாந்தி வரும்போதும் தையல் பிச்சிக்குமோன்னு உசுரே போச்சு. நெஞ்சு மேல அம்மிக்கல்லை வச்ச கனம். பக்கத்துக்கு ஒரு டியூப், ரத்தத் தண்ணி வடியுது. மல்லாந்துதான் படுக்கணும். இரும வேணாம், சிரிக்க வேணாம் (யாரு சிரிக்கிறா). கை தோளுக்கு மேல போகவே கூடாது. சுகன்யாதான் தலை வாரி விட்டா. "உனக்கு ரெட்டை ஜடை எடுப்பா இருக்கும்மா"ங்கறா. கழுத.

கட்டு மாத்தும்போது குனிஞ்சு பாத்துட்டேன். பாத்திருக்கக் கூடாது. கன்னிப் போய், வீங்கி, ஒண்ணு மேல ஒண்ணு கீழ. இதுக்கா ஆசப்பட்டேன்னு அழுகையா வந்துச்சு. நர்ஸ் பொண்ணு: "இப்பப் பாக்காதீங்கக்கா. வீக்கம் வடிய மாசக்கணக்காகும். அப்பப் பாருங்க."

10.5, திங்கள். வீடு.

டியூப் எடுத்து அனுப்பிட்டாங்க. ஆலப்பாக்கம் தாண்டுற வரைக்கும் ரோட்டுல குழி. ஒவ்வொண்ணுக்கும் தலகாணியைக் கட்டிக்கிட்டேன். குடம் தூக்கக் கூடாது, துணி பிழியக் கூடாது. இறுக்கப் பாடியை ராவும் பகலும் போட்டே கெடக்கணும். இந்த வெயில்ல!

பாக்க வர்றவங்க ஜாஸ்தி. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். "ஒரு பக்கமா, ரெண்டுமா?" "அப்படியே எடுத்துட்டாங்களா?" கண்ணு மூஞ்சிக்கு வராம நேரா மாருக்குத்தான் போவுது. செல்வி என் காலைப் புடிச்சிக்கிட்டு ஓன்னு அழுவுறா. "உனக்குப் போயி இப்படியா"ன்னு. நானும் அழுதேன். அது மட்டும் நெசம்.

14.5, வெள்ளி.

வாசல்ல தரகர். உள்ள வரச் சொன்னா வரல. நின்னுக்கிட்டே மாமாகிட்ட சொன்னாரு. "பொண்ணோட அம்மாவுக்குக் கேன்சராமே. பரம்பரையா வருமாமே. பண்ருட்டில யோசிக்கிறாங்க சார்."

முதுநகர்ல கட்டியா கெளம்புனது பண்ருட்டி போறதுக்குள்ள கேன்சர் ஆயிடுச்சு. மாமா கட்டில்ல உக்காந்தவரு எழுந்திரிக்கல. "ஆறப் போடுவோம்"னாரு. எதை ஆறப் போடுறது.

நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்னேன். பாத்திரம் வெளக்கிக்கிட்டிருந்த சுகன்யா திரும்பாமயே சொன்னா: "வேணாம்மா. கேன்சர்னா பாவம்னாவது நெனப்பாங்க."

பெத்த மக. கோவம் வந்துச்சு. அப்புறம் கோவமும் வரல.

17.5, திங்கள்.

தையல் பிரிச்சாச்சு. நல்லா ஆறிக்கிட்டு வருதுன்னாங்க. வலது காம்புல உணர்ச்சி இல்ல, பொறுத்துப் பாக்கணும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கும்போதுதான் கவனிச்சேன், முதுகு வலிக்கல. நேரா நிக்கிறேன். அடி மடிப்பு காஞ்சு கெடக்கு. சந்தோஷப்பட்டேன், மறைக்கல. உடனே மக மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, டீ கசந்துச்சு.

20.5, வியாழன்.

மாப்பிள்ளையோட அம்மா வந்தாங்க. தனியா, பஸ்ல. டிபன் டப்பாவுல பலாச்சொள. மாமாவையும் சுகன்யாவையும் கடைக்கு அனுப்பச் சொன்னாங்க. ரெண்டு பேரும் போனதும் சுத்தி வளைக்கல.

"எந்தப் பக்கம்? எவ்ளோ பெருசு? மறைக்காமச் சொல்லுங்க."

"கட்டியே இல்லீங்க. தொங்கிப் போயிருந்துச்சு, தூக்கித் தச்சுருக்காங்க. வெக்கத்துல கட்டின்னு சொல்லிட்டோம்."

"ஏங்க, இதுக்கெல்லாமா ஆப்பரேஷன் பண்ணுவாங்க? பொண்ணைத் தள்ளிவிட ஒரு கதை."

ரிப்போர்ட்டை நீட்டுனேன். தொடல. "பேப்பர்ல என்ன வேணா எழுதுவாங்க."

கதவைத் தாப்பாப் போட்டேன். ஜிப்பை எறக்கி, பாடிக் கொக்கியைக் கழட்டுனேன். கடைசிக் கொக்கி வரவே மாட்டேன்னுது. மாமா கூட வெளிச்சத்துல பாத்ததில்ல. ஜன்னல் பக்கமாத் திரும்பி நின்னேன். "பாத்துக்குங்க."

கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பாத்தாங்க. ரெண்டு பக்கமும். தழும்பு போற வழியெல்லாம், தொடாம, விரல் ஓடுச்சு. ரொம்ப நேரம்.

"வலிக்குதா?"

"இப்ப பரவால்லீங்க."

நாற்காலில உக்காந்துட்டாங்க. குரல் எறங்கிப் போச்சு. "எந் தங்கச்சிக்கு நெசமாவே கட்டி. வெக்கப்பட்டுக்கிட்டுப் புருஷன்கிட்ட கூடக் காட்டல. எங்கிட்ட காட்டறப்ப புண்ணாயிடுச்சு. மொதல்லயே ஒருத்திகிட்ட சொல்லியிருந்தா இருந்திருப்பா. நீங்க என்னடான்னா இல்லாததை ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கீங்க."

கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மன்னிச்சிடுங்கன்னேன்.

எழுந்து வந்தாங்க. கீழேருந்து ஒவ்வொரு கொக்கியா அவுங்களே மாட்டி விட்டாங்க, கொழந்தைக்கு மாட்டுற மாதிரி. "கல்யாணத்தை ஆவணில வச்சிக்கலாம். ஆனா உங்க பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லி அனுப்புங்க. மார்ல எது தட்டுப்பட்டாலும் எங்கிட்ட காட்டணும். மொத நாளே. மாமியாருன்னு வெக்கப்படக் கூடாது."

அவுங்க போனப்புறம் சுகன்யா வந்தா. நான் அழுதுக்கிட்டிருந்ததைப் பாத்து, "போச்சாம்மா?"ன்னா.

இல்லடி. கதவைச் சாத்திட்டு வந்து உக்காருன்னேன்.