முதலில் அனுப்பியது யார்

ஜூலை 9, செவ்வாய்
விடாத மழை. பால் வண்டி தாமதம். வடை பாதிதான் போட்டேன். தேயிலை விலை விழுந்ததிலிருந்து வடை கேட்பவர் யார்?

நடுவட்டத்தில் எங்கள் டீக்கடை வளைவில்தான் போன் சிக்னல். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் சுத்தமாகக் கிடையாது. அதனால் ஆட்கள் சேதியை என் போனிலேயே பேசிப் பதிந்துவிட்டுப் போவார்கள், நான் குரூப்பில் அனுப்பிவிடுவேன். கொழுந்து பறிக்கும் ராணி போன வாரம் பேசியதையும் அப்படித்தான் அனுப்பினேன். "பறிச்ச கொழுந்த ஃபேக்டரி எடுக்கல, ஓடையில கொட்டச் சொல்றாங்க. அடுத்து எங்களையும் லைன விட்டுத் தொரத்துவாங்க." முதல் பாதி கண்ணால் கண்டது. மறுபாதி அவள் பயம்.

அது கூடலூர் வரை சுற்றிவிட்டது. வதந்தி என்று எஸ்டேட்காரர்கள் போலீஸில் புகார் கொடுத்திருக்கிறார்களாம்.

ஜூலை 10, புதன்
மழை. ஏட்டு வந்தார். டீ குடித்தார். காசும் கொடுத்தார். அப்போதே சரியில்லை என்று பட்டது.

"ஏனுங்க அக்கா, புதுச் சட்டமுங்க. மொதல்ல அனுப்புனது ஆருன்னு கேட்டா மெசேஜ் ஆப் கம்பெனிக்காரன் சொல்லியே ஆகோணும். அதுக்கு முன்னால நீங்களே வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிப்போடுங்க."

பெஞ்சில் ராணி. வாய் ஓயாதவள். இன்று விரலைக் காட்டி டீ கேட்டாள். அவள் குரலைத்தான் ஏட்டும் கேட்டிருக்கிறாரே.

ஜூலை 11, வியாழன்
வாங்க வேண்டியது: சீனி, தீப்பெட்டி, கடலை மாவு.

"அழிச்சுப்போடு" என்கிறார் வீட்டுக்காரர். ஊரெல்லாம் போனதை என் போனில் அழித்து என்ன? நடுவில் யாரும் பார்க்க முடியாதபடி சேதியைப் பூட்டியிருக்கிறது என்று அந்த ஆப்பிலேயே எழுதியிருக்கிறது. இப்போது பூட்டியவனிடமே இன்னொரு சாவி கேட்கிறார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து கோர்ட்டில் கேஸ் நடக்கிறதாம். அதுவரை நான் என்ன செய்ய?

ராணி பேரைச் சொன்னால் அவளுக்கு லைன் வீடு போகும். சொல்லாவிட்டால் முதலில் அனுப்பியவள் நான். ஆத்திரமாக வருகிறது.

ஜூலை 12, வெள்ளி
ஸ்டேஷன். அனுப்பியது நான்தான் என்றேன்.

"இது உங்க குரல் இல்லீங்களே?"

"மொதல்ல அனுப்புனது ஆருன்னுதானுங்க கேட்டீங்க?"

ஏட்டு சிரிக்கவில்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூப்பிட்டால் வர வேண்டுமாம்.

மத்தியானம் கடை திறந்தேன். சேதி அனுப்ப வந்தவர்கள் விஷயம் தெரிந்து திரும்பிவிட்டார்கள். ராணி வந்தாள். உன் பேரைச் சொல்லவில்லை, போனும் ஸ்டேஷனில் இருக்கிறது, பேசுடி என்றேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கையிலிருந்த போன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விரலைக் காட்டினாள். ஒரு டீ.