செயின் கவரை முறுக்கிய நாள்

இன்று காலை கொட்டாரம் சந்தியில் இருக்கும் சைக்கிள் கடைக்குக் காற்றடிக்கப் போனேன். கடைக்காரர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், செயின் கவரு லூசா கெடந்து ஆடுகு, ஒரு நிமிசம், முறுக்கித் தாறேன்" என்று ஸ்பானரை எடுத்தார். "தொடாதேயும்!" என்று கத்திவிட்டேன். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாவம் மனுஷன், ஒன்றும் புரியாமல் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் போய்ச் சொல்ல? அதுதான் உனக்கு எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றாலும், சைக்கிள் விஷயம் பேச எனக்கு வேறு ஆள் கிடையாது.

பத்து வயதில் உன் மாமாவின் பெரிய சைக்கிளை அவருக்குத் தெரியாமல் தள்ளிக்கொண்டு போய் அரைப் பெடல் போட்டுப் பழகினோமே, அன்றைக்குப் பிடித்த கிறுக்கு நம் இருவருக்கும் விடவே இல்லை. நான் பள்ளிக்கூடத்துக்கும் நீ ஆஸ்பத்திரி வேலைக்கும் சைக்கிளில்தான் போனோம். ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று உன் வீட்டுக்காரர் கெஞ்சியபோது, "அதுல என்ன இருக்கு, சும்மா உக்காந்துட்டுப் போறதுதானே" என்றாய். ஓய்வு பெற்ற பிறகு விடிந்ததும் வயலுக்குத் தண்ணீர் போகும் சானல் கரை வழியாக வட்டக்கோட்டைக்குப் போய் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். எப்போதும் நீதான் முன்னால். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, சைக்கிளா மிதிக்க, சப்பரமா இழுக்க?" என்று சிரிப்பாய்.

ஒரு நாள் திடீரென்று, "இனி நீ முன்னால போ, நான் பொறத்தால வாறேன்" என்றாய். வயதாகிவிட்டது உனக்கு என்று எனக்கு ஒரே குஷி. பத்துப் பதினைந்து நாள் உன்னைக் கேலி செய்தே கொன்றேன். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. உன்னைப்போல வாய்த்துடுக்குக்காரி சும்மா இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என் வண்டியின் செயின் கவர் அப்போதும் இப்படித்தான் கடகடவென்று ஆடும். சரி செய்ய வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம், "சவத்த வுடுட்டி, அது பாட்டுக்குக் கெடந்து ஆடட்டும்" என்பாய். எனக்கோ மானம் போனது. கடைசியில் ஒரு சாயங்காலம் உனக்குச் சொல்லாமல் கடைக்குக் கொண்டுபோய் முறுக்கி, எண்ணெயும் போட்டு வந்தேன். மறுநாள் வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நீ எப்போது பாராட்டுவாய் என்று காது கொடுத்துக்கொண்டே மிதித்தேன்.

சானல் கரை வலப்பக்கம் வளையும் இடம். நான் திரும்பிவிட்டேன். கன்னிப்பூ நெல் நடவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம், சானல் கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ தோன்றித் திரும்பிப் பார்க்கிறேன், நீ வளையாமல் நேராகத் தண்ணீரைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறாய். உன் பெயரைச் சொல்லி அலறினேன். முன்சக்கரம் தாழம்புதரில் குத்தி நின்றது. இன்னும் ஒரு முழம் தாண்டியிருந்தால் நீ தண்ணீருக்குள் போயிருப்பாய். ஓடி வந்து உன் கையைப் பிடித்தால், நீ எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாய்.

"ஏட்டி, சத்தம் எங்க?"

அந்தக் கரையில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் சொன்னாய். கண் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. இரண்டு பக்கமும் இருட்டு, நடுவில் மட்டும் மங்கலாக ஒரு துண்டு. விடிகாலை வெளிச்சத்தில் அதுவும் இல்லை. எட்டு மாதமாக என் செயின் கவரைக் கேட்டுக் கேட்டு என் பின்னால் வந்திருக்கிறாய்.

"எம் மவ கிட்ட சொல்லாத. சொன்னா சைக்கிள அன்னைக்கே தூக்கிக் குடுத்துருவா. பொறவு நான் அந்த ரூமுக்குள்ள கெடந்து மோட்டுவளையப் பாக்கணும். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வீட்டுக்குப் போய் என் கையாலேயே அந்த ஸ்குரூவைத் தளர்த்தினேன்.

அதற்குப் பிறகும் நாம் மூன்று மாதம் போனோம். எதிரே வண்டி வந்தால் நான் இரண்டு தடவை மணி அடிப்பது, வளைவுக்கு மூன்று தடவை என்று ஏற்பாடு செய்தோம். உனக்கு அது விளையாட்டு. எனக்குக் கண் முன்னால் இருக்கும், உயிர் முதுகில் இருக்கும். உன் டயர் சரளைக்கல்லில் நெரிபடும் சத்தம் ஒரு நொடி கேட்காவிட்டால் பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்ப்பேன். வட்டக்கோட்டையில் இறங்கி நீ கடல் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, "இது போதும்ட்டி எனக்கு" என்று சொல்லும்போது, இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

அப்புறம் அந்தப் புல்லுக்கட்டுக்காரி. நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன்; தலையில் கட்டோடு அவள் பாதையைக் குறுக்கே கடந்தாள். நீ போய் இடித்தாய். புல் சிதறி, அவள் முழங்கை உரிந்து ரத்தம். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று உன்னைத் திட்டினாள். நீ மன்னிப்புக் கேட்டபடி, அவள் நிற்கும் பக்கம் தெரியாமல் வேறு பக்கம் பார்த்துக் கும்பிட்டாய். அவள் திட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானமே உன் மகளிடம் போய்ச் சொன்னேன். "உன் அம்மைக்காகத்தான் மக்கா சொல்லுகேன்" என்றேன். சாயங்காலத்துக்குள் உன் சைக்கிள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். உன் மகள் தரும் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். பதினோரு மாதம் அப்படிப் போனது. கடைசியாக வந்த ஞாயிறு, திரும்பாமலே பேசினாய்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் செத்துருப்பேன். அது எனக்குத் தெரியும். ஆனா ஓட்டிக்கிட்டே செத்துருப்பேன்ட்டி."

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரமே உறக்கத்தில் உன் நெஞ்சு நின்றுபோனது.

அன்றைக்குச் சொல்லாத பதில் இதுதான். உனக்காகச் சொன்னேன் என்று உன் மகளிடம் சொன்னது பொய். எனக்காகச் சொன்னேன். முன்னால் போய்க்கொண்டே நீ விழும் சத்தத்தை ஒரு நாள் கேட்க நேரும் என்ற பயத்தை என்னால் அதற்கு மேல் சுமக்க முடியவில்லை. நீ கேட்டது ஓட்டம், நான் கொடுத்தது பதினோரு மாதம் சுவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், நீ இன்று எழுந்து வந்து மறுபடி சத்தியம் கேட்டால் பண்ணிக் கொடுப்பேன். மறுபடியும் போய்ச் சொல்லிவிடுவேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இரு.